தூரக் கரைப் பாட்டின் மெட்டு

ஜூலை 9, செவ்வாய்

காலையில மோட்டார் மக்கர். இவுக ரிட்டயர் ஆனதிலிருந்து வீட்ல எது கெட்டாலும் ‘நானே பாத்துக்கிடுதேன்’னு ஸ்குரூடிரைவரைத் தூக்கிருதாவ. பத்து மணிக்கெல்லாம் மோட்டாரோட சேர்ந்து ஃபேனும் ஓடல. கடைசியில ஆளைக் கூப்பிட்டுத்தான் சரி பண்ணுனோம். பேங்க் மேனேஜரா இருந்த மனுஷனுக்கு வயரு எதுக்கு?

சோறு வடிக்கிற நேரம் பார்த்து போன். பெனினா. நம்ம கோயில்ல மணி அடிக்கிற தேவதாசன் மக. அயர்லாந்துல ஒரு முதியோர் இல்லத்துல நர்ஸா இருக்கா. கிறிஸ்மஸுக்கு மட்டும்தான் கூப்பிடுவா. இப்ப என்னத்துக்குன்னு பயந்துக்கிட்டே எடுத்தா, அந்தப் பக்கம் ஒரே அழுகை.

“டீச்சர், உங்க தாத்தா பாட்டு! தாத்தா பாட்டை இங்க வாசிக்காங்க டீச்சர்!”

அவ பார்த்துக்கிட்டிருந்த மேரின்னு ஒரு வயசான அம்மா இறந்துட்டாங்களாம். அடக்க ஆராதனையில ஒரு பெரியவர் பிடில் வாசிச்சிருக்கார். வாசிச்சது அப்படியே நம்ம ‘தூரக் கரையில் நின்று கூப்பிடும் குரலே’. “எல்லாரும் சும்மா நின்னாங்க. நான் மட்டும் தமிழ்ல பாடிட்டே நின்னேன் டீச்சர். பக்கத்துல இருந்தவங்க திரும்பித் திரும்பிப் பார்த்தாங்க” என்றாள். போன்ல பதிவு பண்ணி அனுப்பியும் விட்டா.

கேட்டேன். மறுபடியும் மறுபடியும் கேட்டேன். மூணாவது வரியில மெட்டு திடீர்னு மேல ஏறுமே, நம்ம பெருசுகளுக்கெல்லாம் தொண்டை உடையுமே, அங்கேயும் ஏறுது. சுதி பிசகல. என் தாத்தா மாசிலாமணி உபதேசியாரின் மெட்டு கடல் தாண்டிப் போயிருக்கு. அழுதுட்டேன். சோறு குழைஞ்சு போச்சு.

பெனினா நல்ல பிள்ளை. கோயில்ல நான் நடத்துற பாடகர் குழுவுல நாலு வருஷம் இருந்தா. தனிப்பாட்டு கொடுத்ததில்ல, அதுக்கெல்லாம் சில குடும்பத்துப் பிள்ளைகள் இருக்கு. ஆனா காது அருமையான காது.

ஜூலை 10, புதன்

எங்க சபைப் போதகர் ஐயர்கிட்ட போய்ச் சொன்னேன். பதிவைப் போட்டும் காட்டினேன். நம்ம ஜெயசிங் ஐயருக்குப் பாட்டு சுட்டுப் போட்டாலும் வராது. ‘நல்லாருக்கும்மா, இதுவும் ஒரு பாட்டுத்தான்’ என்கிற மாதிரி தலையை ஆட்டினாங்க. விவரம் சொன்ன பிறகு நாற்காலியை விட்டே எழும்பிட்டாங்க.

“டீச்சரம்மா, பாட்டுக்கு நூறு வருஷம் ஆகுற வருஷத்துல இப்படி ஒரு செய்தியா! கர்த்தருடைய செயல் இல்லாம வேற என்ன?”

ஆகஸ்ட் 25-ல நூற்றாண்டு ஆராதனை. பேராயர் வந்து கோயில் சுவர்ல கல்வெட்டுத் திறக்கிறாங்க. ‘இயற்றி இசையமைத்தவர்: மாசிலாமணி உபதேசியார், சுகிர்தபுரம்.’ அன்னைக்கே சபைப் பாட்டுப் புத்தகத்தின் புதுப் பதிப்பும் வெளிவருது. அதுக்குப் பாட்டு பிறந்த கதையை ரெண்டு பக்கத்துக்கு நான்தான் எழுதுறேன். வேற யார் எழுத? 98-ம் வருஷப் பதிப்புக்கும் ப்ரூஃப் முழுக்கப் பார்த்தது நான்தான். ஒரு கால் விடாம, ஒரு கொம்பு விடாம.

கதை எங்க வீட்ல எல்லாருக்கும் மனப்பாடம். காலரா வருஷம். தாத்தா ஊழியத்துக்காக ஆத்துக்கு அந்தப் பக்கம் போயிருந்தாங்க. வெள்ளம். பரிசல் இல்ல. இந்தப் பக்கம் மூத்த பிள்ளை இறந்து, அடக்கமும் பண்ணியாச்சு. தாத்தா அக்கரையிலேயே உட்கார்ந்து, தண்ணிச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டே கட்டின மெட்டு. சங்கராபரணம், மூணு எண்ணிக்கைத் தாளம். எங்க சேகரத்துல இருக்கிற எந்தச் சபையிலயும் இந்தப் பாட்டு இல்லாம ஒரு பெட்டியும் குழிக்குள்ள இறங்கினது கிடையாது.

ஜூலை 14, ஞாயிறு

ஆராதனை முடிஞ்சு ஐயர் அறிவிச்சாங்க. கோயிலே கை தட்டுச்சு. என்னை எழும்பச் சொன்னாங்க, எழும்பினேன். பின்னாடி பார்த்தா, மணிக்கயிறு பக்கத்துல தேவதாசனும் எழும்பி நின்னு கண்ணைத் துடைக்கிறார். இவரை யார் எழும்பச் சொன்னது? சரி, மக பேரும் அறிவிப்புல வந்துச்சு, சந்தோஷம் இருக்காதா. பாவம்.

வெளியே ஆல்பர்ட் செல்லத்துரை பிடிச்சுக்கிட்டார். காலேஜ்ல சரித்திரம் சொல்லிக் கொடுத்தவர். இப்பப் பாட்டுப் புத்தகக் குழுவுல உட்கார்ந்து எங்க உயிரை வாங்குறார். “பாட்டு அங்க எப்படிப் போச்சுன்னு எழுதணுமேம்மா. யார் கொண்டு போனது?” என்றார்.

எனக்கா பதில் தெரியாது! மிஸ் டெலனி. தாத்தா காலத்துல பெண்கள் போர்டிங் பள்ளியை நடத்தின துரைசாணி. அயர்லாந்துக்காரி. ஹார்மோனியம் அருமையா வாசிப்பாளாம். ஊருக்குத் திரும்பும்போது தாத்தா பாட்டைக் கொண்டு போயிருக்கா, வேற என்ன? ஆல்பர்ட் குடையை விரிச்சுக்கிட்டு நடையைக் கட்டினார்.

ஜூலை 17, புதன்

எழுத உட்கார்ந்தேன். மிஸ் டெலனி பற்றி ஒரு பக்கம் எழுதியாச்சு. நல்லா வந்திருக்கு. சேகரச் செய்தித்தாள்லயும் சுருக்கமாப் போடுறாங்க. ‘அயர்லாந்தில் ஒலிக்கும் நம் பாட்டு.’ கையோட கொஞ்சம் ஆதாரமும் இருக்கட்டும்னு பெனினாவுக்குப் போன் பண்ணினேன். “அந்தப் பிடில்காரரைக் கேளு, அவருக்கு இந்தப் பாட்டு எப்படி வந்துச்சாம்? டெலனின்னு பேர் அடிபடுதான்னு பாரு” என்றேன்.

“கேக்கேன் டீச்சர். அவரும் வாத்தியாரா இருந்தவர்தான். ரொம்ப நல்லவர்” என்றாள்.

ஜூலை 27, சனி

பெனினா என்னமோ படம் அனுப்பியிருக்கா. கண்ணாடி எங்கேயோ வச்சுட்டேன். அப்புறம் பார்க்கணும்.

முருங்கைக்காய் மலிவு. இவுகளுக்குப் பிடிக்கும்னு ரெண்டு கட்டு வாங்கினேன்.

ஜூலை 28, ஞாயிறு

தலைவலி. கோயிலுக்குப் போகல.

ஜூலை 29, திங்கள்

தலைவலி ஒண்ணும் இல்ல. படத்தை சனிக்கிழமையே பார்த்தாச்சு. எழுதினா உண்மையாயிருமேன்னுதான் எழுதல.

பிடில்காரர் அவங்க ஊர் நூலகத்துல தேடி எடுத்துக் கொடுத்திருக்கார். டப்ளின்ல 1858-ல அச்சான புத்தகம். அதுல நம்ம மெட்டு. கோடு போட்டு, ஸ்வரம் ஸ்வரமா. மேல ஏறுற அந்த மூணாவது வரி உட்பட. தாத்தா பிறந்தது 1889.

கீழே பொடி எழுத்துல ஒரு குறிப்பு. கடலோரக் கிராமத்துல இருந்த ஒரு போதகர், கடற்பாசி பொறுக்கிக்கிட்டிருந்த ஒரு பெண் பாடக் கேட்டு எழுதினதாம். அவ பாஷை அவருக்குத் தெரியாததால வார்த்தையை எழுதல. பேரையும் கேட்கல. பெனினா பொறுமையா மீதியையும் எழுதியிருக்கா. இருபது வருஷம் கழிச்சு ஒருத்தர் அதைப் பியானோவுக்கு மாத்தி அச்சடிச்சிருக்கார். அப்புறம் இங்கிலாந்துல ஒரு ஞானப்பாட்டுப் புத்தகத்துல சேர்ந்திருக்கு. அந்தப் புத்தகம்தான் மிஸ் டெலனி மாதிரி ஆட்களோட பெட்டியில ஏறி ஊர் ஊரா வந்திருக்கு. துரைசாணி கொண்டு போகல. கொண்டு வந்திருக்கா.

‘டீச்சர், நான் தப்பாச் சொல்லிட்டேன் போல. தாத்தா பாட்டு இங்க வரல. இந்த மெட்டுதான் அங்க வந்திருக்கு. உங்ககிட்ட மட்டும்தான் சொல்றேன். நீங்களே எல்லார்ட்டயும் சொல்லிருங்க’ன்னு முடிச்சிருக்கா.

‘யாரிடமும் சொல்லாதே. நான் விசாரித்துக்கொள்கிறேன்’ என்று பதில் போட்டேன். உடனே வந்துச்சு: ‘சரி டீச்சர்.’

கோயில்ல எழும்பி நின்னேனே! கை தட்டினாங்களே! மிஸ் டெலனி பற்றி ஒரு பக்கம் வேற. சே.

ஆகஸ்ட் 1, வியாழன்

இவுக கிட்ட சொன்னேன். பேப்பரை மடிச்சு வச்சுட்டு யோசிச்சாவ.

“வார்த்தை தாத்தாவோடதுதானே? பிள்ளையைப் பறிகொடுத்தது தாத்தாதானே? அது போதாதாட்டி உனக்கு?”

போதாது. ஏன் போதாதுன்னு கேட்டா சொல்லத் தெரியல. எல்லா வீட்லயும் யாராவது வார்த்தை எழுதுவாங்க. மெட்டுக் கட்டினவர் பேத்தின்னுதான் என்னைச் சின்ன வயசுலயே பாடகர் குழுவுக்கு முன்னாடி நிறுத்தினாங்க. நான் இன்னும் அங்கேதான் நிக்கிறேன்.

“முதல் பதிப்பு நம்ம பீரோவுலதானே கிடக்கு. அதுல என்ன போட்டிருக்குன்னு பாரேன்” என்றாவ.

பார்க்கலாம். இன்னைக்கு எலுமிச்சங்காய் வெட்டணும். வெயில் போயிடும்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

பார்த்தேன்.

1924 பதிப்பு. பாட்டுக்குக் கீழே: ‘வார்த்தை: மா. மாசிலாமணி. மெட்டு: அயர்லாந்து.’ தாத்தா உயிரோட இருந்தப்ப, அவங்க கண்ணு முன்னால அச்சானது. அவங்க மறைக்கவே இல்ல.

அடுத்தது 1956. அந்தப் பதிப்பு வேலையை எங்க அப்பா பார்த்தாங்க. அந்தக் காலத்துல வெள்ளைக்காரங்க போன கையோட, நம்ம பாட்டெல்லாம் நம்ம பாட்டா இருக்கணும்னு ஒரு வேகம். மெட்டுப் பேரை எடுத்துட்டு எல்லாப் பாட்டுக்கும் ராகம், தாளம் போடுறதுன்னு குழுவுல தீர்மானம். ஹார்மோனியத்துல வாசிச்சுப் பார்த்து, எந்த ராகத்துச் சாயல் வருதோ அதைப் போட்டிருக்காங்க. இதுக்கு சங்கராபரணம் வந்திருக்கு. ஸ்வரம் அதுதான், பொய் இல்ல. ஆனா ‘அயர்லாந்து’ போயிட்டுது. சங்கராபரணம்னு போட்ட பிறகு துரைசாணி பெட்டியில வந்த மெட்டுன்னு எவனுக்குத் தோணும்? அப்புறம்தான் ஆத்தங்கரை, தண்ணிச் சத்தம் எல்லாம் வந்திருக்கணும்.

1998-ல ‘வார்த்தை’ங்கிறது ‘இயற்றி இசையமைத்தவர்’ ஆகியிருக்கு. யார் மாத்தினதுன்னு தெரியல.

“அந்தப் பதிப்புக்கு ப்ரூஃப் பார்த்தது யாரு?” என்று இவுக கேட்டாவ.

“காபி ஆறுது, குடிங்க” என்றேன்.

ஆகஸ்ட் 7, புதன்

பாட்டுப் புத்தகக் குழுக் கூட்டம். நாலு பேர்தான். போகும்போது சொல்லிடணும்னுதான் போனேன். அந்த ஆல்பர்ட் வாயைத் திறக்காம இருந்திருந்தா சொல்லியிருப்பேன்.

“எனக்கு ஒரு சந்தேகம். அங்கேயும் இதே மெட்டு, இங்கேயும் இதே மெட்டு. இங்கேருந்து போச்சுங்கிறீங்க. அங்கேருந்து வந்ததா இருக்கக் கூடாதா? டீச்சரோட தாத்தா மேல மரியாதை இல்லாம கேக்கலை” என்றார். மரியாதையாம்! உதட்டோரத்துல ஒரு சிரிப்பு.

எனக்கு உடம்பெல்லாம் பத்திக்கிட்டு வந்துச்சு. என் வாய்தான் பேசுச்சு.

“அங்கேயும் இதே மெட்டுன்னு யார் சொன்னது? பெனினா சொன்னா. நான் திரும்ப நல்லாக் கேட்டுப் பார்த்தேன். வேற மெட்டு. ஒரு வரியில கொஞ்சம் சாயல், அவ்வளவுதான். அந்தப் பிள்ளைக்கு அவ்வளவு காது கிடையாது. வீட்டு ஞாபகம், அழுகை, எதையோ கேட்டு எதையோ நினைச்சுட்டா. நானும் அவசரப்பட்டு நம்பிட்டேன்.”

ஒருத்தரும் பதிவைப் போட்டுக் காட்டுன்னு கேட்கல. பாட்டு விஷயத்துல நான் சொன்னா சொன்னதுதான். அயர்லாந்து சமாச்சாரத்தைப் புத்தகத்துலேருந்தும் செய்தித்தாள்லேருந்தும் எடுத்துடுறது, கல்வெட்டு அப்படியே இருக்கட்டும்னு முடிவு. ஐயர் முகத்துல மட்டும் கொஞ்சம் வருத்தம். “சபையில அறிவிச்சுட்டோமே… சரி, பிள்ளை தெரியாமச் சொல்லியிருக்கு. நான் பக்குவமாச் சொல்லிடுறேன்” என்றாங்க.

வீட்டுக்கு வந்து இவுககிட்ட ‘எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது’ன்னு சொன்னேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

ஐயர் பக்குவமாத்தான் சொன்னாங்க. “அயர்லாந்தில் கேட்ட பாட்டு நம்முடையது அல்ல என்று தெரிய வருகிறது. நம் சகோதரி பெனினா ஆர்வத்தில் சொல்லிவிட்டார்.” கொஞ்சம் சிரிப்பு எழும்பி அடங்கிச்சு.

வெளியே அவ்வளவு பக்குவம் இல்ல. கோயில் கேட்டு வாசல்ல நாலு பேர் தேவதாசனை வளைச்சுக்கிட்டாங்க. “என்ன ஓய், உம்ம மக அடுத்தாப்ல லண்டன்ல வில்லுப்பாட்டு கேட்டாளாமே?” “சம்பளம் கூடிட்டா காதும் வேற மாதிரிக் கேக்கும் போல.” அவர் செருப்பைத் தேடுற மாதிரி குனிஞ்சுக்கிட்டே நின்னார். செருப்பு காலுக்குப் பக்கத்துலதான் கிடந்துச்சு.

நான் காருக்குள்ள ஏறிட்டேன். கண்ணாடியையும் ஏத்திட்டேன். வெயில்.

ஆகஸ்ட் 14, புதன்

இதை எழுதத்தான் வேணும்.

சாயங்காலம் தேவதாசன் வந்தார். கேட்டுக்கு வெளியே நின்னே கூப்பிட்டார். உள்ளே வாங்கன்னேன், வந்தார். உட்காருங்கன்னேன், உட்காரல. வெள்ளை வேட்டி, சலவை மடிப்பு. கோயிலுக்கு வர்ற மாதிரி வந்திருந்தார்.

“அம்மா, எம் பிள்ள தெரியாமப் பேசிட்டு. உங்களுக்குச் சபையில தலைகுனிவாப் போச்சு. நான் மன்னிப்புக் கேக்க வந்தேன்” என்றார். ரெண்டு கையையும் கூப்பி நின்னார்.

இவுக அந்தப் பக்கம் ஈசிசேர்லேருந்து பேப்பரை இறக்கிட்டு என்னையே பார்க்காவ. சொல்லுட்டி, இப்பச் சொல்லுங்கிற பார்வை.

“அதெல்லாம் ஒண்ணுமில்ல தேவதாசன். சின்னப் பிள்ளைதானே. நான் மனசுல வச்சுக்கல” என்றேன்.

நான்தான் சொன்னேன். என் வாய்தான். நான் மனசுல வச்சுக்கலையாம்!

அவர் கை கூப்பினபடியே கொஞ்சம் கூட நேரம் நின்னார். நான் சமையல்கட்டுக்குள்ள ஓடி ஒரு காபி போட்டுக் கொண்டு வந்து கொடுத்தேன். குடிச்சார். தம்ளரை அவரே குழாயில கழுவிக் கவுத்தி வச்சுட்டுப் போனார்.

இவுக என்கிட்ட ஒரு வார்த்தை பேசல. சண்டை போட்டாலாவது தேவலை. சாப்பாட்டுல உப்பு இல்லன்னு கூடச் சொல்லல. உப்புப் போட மறந்தது எனக்கே அப்புறம்தான் தெரிஞ்சுது.

பெனினாகிட்ட எல்லா ஆதாரமும் இருக்கு. ஒரு படத்தை அவங்க அப்பாவுக்கு அனுப்பியிருந்தா இந்த மனுஷன் என் வாசல்ல வந்து நிக்க வேண்டியிருக்காது. நான் சொல்லாதேன்னேன், அவ சொல்லல. வெட்கமா இருக்கு. இந்த அறுபத்திமூணு வயசுல இப்படி ஒரு வெட்கத்தை நான் பட்டதில்ல.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

கல்வெட்டு வந்துட்டுது. கருப்புக் கல், பொன் எழுத்து. சுவர்ல பதிச்சு சிவப்புத் துணி போட்டு மூடியிருக்காங்க. அழகாத்தான் இருக்கு. திறப்பு வேலை எல்லாம் நான்தான் பார்க்கணுமாம். துணிக்கு நாடா எங்க கட்டுறதுன்னு கேட்டாங்க. காட்டினேன்.

ஆகஸ்ட் 22, வியாழன்

ஐயர்கிட்ட தனியாப் போய், மெட்டு தாத்தாவோடது இல்லன்னு சொன்னேன். முதல் பதிப்பையும் காட்டினேன். உள்ளங்கையால நெத்தியைப் பிடிச்சுக்கிட்டாங்க. “கல்லு வந்த பிறகா டீச்சரம்மா?” என்றாங்க. அப்புறம், “பேராயர் முன்னால நீங்களே சொல்லிடுங்க. ஒளிச்சு வைக்கிறதை விட அதுதான் நல்லது” என்றாங்க.

அவங்ககிட்டயும் பெனினா பற்றி வாயே வரல. ஞாயிற்றுக்கிழமை மொத்தமாச் சொல்லிடலாம்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

சொல்லிட்டேன்.

பேராயர் நாடாவை இழுக்கும் முன்னாடி என்னைப் பேசக் கூப்பிட்டாங்க. முதல் வரி தடுமாறிச்சு. பள்ளிக்கூட அசெம்ப்ளியில முப்பது வருஷம் பேசினவ நான். முதல் வரி முடிஞ்சதும் குரல் வந்துட்டுது. அந்த மட்டுக்கும் எனக்குக் குரல் எப்பவும் வந்துடும்.

“பழைய பதிப்புகளை ஒப்பிட்டுப் பார்த்ததில் ஓர் உண்மை தெரியவந்திருக்கிறது. வார்த்தை என் தாத்தாவுடையது. மெட்டு அவருடையது அல்ல” என்றேன். முதல் பதிப்பைத் தூக்கிக் காட்டினேன். டப்ளின் புத்தகத்தைச் சொன்னேன். கடற்பாசி பொறுக்கின அந்தப் பெண்ணைச் சொன்னேன். “நம் வீட்டுப் பெட்டிகளையெல்லாம் குழிக்குள் இறக்கிய இந்த மெட்டைத் தந்தவள் அவள். அவளிடம் பாட்டை வாங்கிக்கொண்டவர்கள் பேரை மட்டும் கேட்கவில்லை. இத்தனை வருஷம், இத்தனை புத்தகம், எதிலும் அவள் பேர் இல்லை” என்று சொல்லும்போது அழுகை வந்துட்டுது. முன் வரிசையில நாலஞ்சு பேர் அழுதாங்க.

கல்லைத் திறக்கல, புதுப் புத்தகத்தையும் திருத்தின பிறகு வெளியிடலாம்னுட்டாங்க. பேராயர் எழும்பி, “சொந்தக் குடும்பத்தின் புகழை விட உண்மை பெரிது என்று நினைக்க எத்தனை பேருக்கு மனம் வரும்? இந்தச் சபை பாக்கியம் பெற்ற சபை” என்றாங்க. கை தட்டு நிக்கவே இல்ல. ஆல்பர்ட் செல்லத்துரை வந்து, “டீச்சர், பெரிய ஆராய்ச்சி. உங்களை நான் என்னவோன்னு நினைச்சேன்” என்று கையைப் பிடிச்சுக் குலுக்கினார். அசன விருந்துல எனக்குத் தனி இலை.

மனசு லேசாகிப் போச்சுன்னு நினைச்சுக்கிட்டே கார்ல ஏறினேன்.

பாதி வழியில இவுக வாயைத் திறந்தாவ. பத்து நாளா என்கிட்ட சரியாப் பேசாத மனுஷன்.

“அயர்லாந்துல என்னைக்கோ செத்துப் போன ஒருத்திக்கு பேர் இல்லைன்னு அப்படி அழுத. பெனினா பேர் எங்கட்டி?”

நான் சொல்லல. யோசிச்சு யோசிச்சுப் பார்க்கிறேன். ஒரு இடத்துலயும் சொல்லல. ‘தெரியவந்திருக்கிறது’ன்னு சொன்னேன். யார் மூலம் தெரிய வந்துச்சு? அவ கேட்டது சரி, நான்தான் அவ காதைப் பொய்யாக்கினேன்னு எங்கே சொன்னேன்? அவ கண்டுபிடிச்சதை எல்லாம் நான் கண்டுபிடிச்சதா வாங்கிக் கையில வச்சுக்கிட்டு, கை தட்டையும் வாங்கிக்கிட்டு, கறிச்சோறும் தின்னுட்டு வந்திருக்கேன்.

வாந்தி எடுத்தேன்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

தேவதாசன் வீட்டுக்குப் போனேன். கோயிலுக்குப் பின்னாடி தெரு, எங்க வீட்லேருந்து கூப்பிடு தூரம். இத்தனை வருஷத்துல இதுதான் முதல் தடவை. அவர் வீட்டுக்காரம்மா இறந்தப்பக் கூட கல்லறைத் தோட்டத்தோட திரும்பிட்டேன்.

வாசல்ல அரிசி புடைச்சுக்கிட்டு இருந்தார். என்னைப் பார்த்ததும் எழும்பி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துப் போட்டார். நான் உட்காரல.

“அண்ணாச்சி” என்றேன். இதுவரைக்கும் அப்படிக் கூப்பிட்டதில்ல. கூப்பிட்டது ரெண்டு பேருக்குமே ஒட்டல. “உங்க மக சொன்னது சரி. அதே மெட்டுதான். அவதான் எல்லாத்தையும் கண்டுபிடிச்சு எனக்கு அனுப்பினா. நான் குழுவுல பொய் சொன்னேன். அவளுக்குக் காது இல்லன்னு சொன்னேன். நீங்க வந்து மன்னிப்புக் கேட்டப்பவும் சொல்லல. என்னை மன்னிச்சிடுங்க.”

அவர் முறத்துல இருந்த அரிசியைக் கையால ஒதுக்கிக்கிட்டே இருந்தார்.

“எனக்குத் தெரியும்மா.”

எனக்கு விளங்கல.

“கேட்டு வாசல்ல கேலி பண்ணுன அன்னைக்கே பிள்ளைக்குப் போன் போட்டு ஏசுனேன். ‘ஏட்டி, எதுக்குட்டி இந்த வேண்டாத வேலை’ன்னு. அவ பதிலே பேசல, ஒரே அழுக. நான் விடல. கடைசில எல்லாப் படத்தையும் அனுப்பிட்டா. ‘டீச்சர் சொல்லாண்டாம்னாங்கப்பா, நீங்களும் சொல்லாதீங்க’ன்னா. அதுக்குப் பொறவுதான் உங்க வீட்டுக்கு வந்தேன்.”

“தெரிஞ்சுக்கிட்டா வந்தீங்க? தெரிஞ்சுக்கிட்டா மன்னிப்புக் கேட்டீங்க?”

“ஆமா. கையெடுத்துக் கும்பிட்டு நின்னேன். ஒரு வயசாளி முன்னால வந்து நின்னா வாயத் திறப்பிய, ‘உம்ம பிள்ள மேல தப்பு இல்ல ஓய்’னு ஒரு வார்த்த சொல்லிருவியன்னு நின்னேன். பிள்ளைட்ட அதச் சொல்லலாமேன்னு.” அரிசியை விட்டுட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். “நீங்க காப்பி குடுத்திய.”

கோபமாக் கூடச் சொல்லல. நான் போயிட்டு வரேன்னு சொல்லிட்டு வந்தேன். சரின்னார்.

ஆகஸ்ட் 28, புதன்

ஐயர்கிட்ட ஞாயிற்றுக்கிழமை மறுபடி பேசணும்னேன். “எதுக்கும்மா? எல்லாம் நல்லபடியா முடிஞ்சுட்டுதே. பேராயரே பாராட்டிட்டாங்க” என்றாங்க. அதனாலதான் பேசணும்னேன். பாடகர் குழுவுக்கு வேற ஆளைப் பாருங்கன்னும் சொல்லிட்டேன். ஐயர் பதறிட்டாங்க. பதறட்டும்.

பெனினாவுக்குப் போன் பண்ணினேன். எடுக்கல. வேலையில இருந்திருப்பா. இல்லாமலும் இருக்கலாம்.

செப்டம்பர் 1, ஞாயிறு

சொன்னேன். எழுதி வச்சுக்கிட்டுப் போகல, எழுதினா நான் நல்லா எழுதிடுவேன். பெனினா தேவதாசன்னு முழுப் பேரையும் சொன்னேன். அவ கேட்டது சரி, கண்டுபிடிச்சது அவ, பொய் சொன்னது நான், அவ அப்பாவை வாசல்ல கேலி பண்ணினப்ப கார் கண்ணாடியை ஏத்திக்கிட்டு உட்கார்ந்திருந்ததும் நான்னு சொன்னேன். குரல் இன்னைக்கு வரவே இல்ல, பின் வரிசைக்குக் கேட்டுதோ என்னமோ. பாதிப் பேர் தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. கேலி பண்ணின நாலு பேரும் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கிட்டு இருந்தாங்க.

மணிக்கயிறு பக்கத்துல தேவதாசன் அண்ணாச்சி நின்னார். நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் நேரா என்னையே பார்த்துக்கிட்டு நின்னார். நான்தான் அவரைப் பார்க்க முடியாம கண்ணை எடுத்துட்டேன்.